சோல்ட்மார்ஷில் சோளகம்

கடற்சாகசம் என்று அட்டையில் போட்டு விற்கிற விளையாட்டுப் புத்தகங்களில் கடல் மிகக் குறைவு. பாழடைந்த வீடு இருக்கும், குகை இருக்கும், கப்பலின் ஒவ்வொரு அறைக்கும் வரைபடம் இருக்கும், மேல்தளத்தில் காவலுக்கு எத்தனை பேர் என்ற கணக்கும் இருக்கும். ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் போகிற வழியை மட்டும் சில வரிகளில் முடித்துவிடுவார்கள். முல்லைத்தீவில் கடற்கரைப் பிள்ளைகளை மேசையைச் சுற்றி இருத்தி அப்படியொரு புத்தகத்தை நடத்தினால், அவர்கள் போய் நிற்பது அந்தச் சில வரிகளில்தான்.

விளையாட்டைத் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’தான் இந்த வகைக்குத் தாய். ஒருவர் கதையை நடத்துவார். மற்ற ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை எடுத்து, அது என்ன செய்கிறது என்று சொல்வார்கள். முடியுமா முடியாதா என்று சந்தேகம் வந்தால் இருபது முகப் பகடையை உருட்டிப் பார்க்கலாம். வென்றவர் தோற்றவர் என்று யாரும் இல்லை. நடத்துகிறவருக்கு டன்ஜன் மாஸ்டர் என்று பெயர். எங்கள் மேசையில் என்னைப் பகிடிக்கு ‘அண்ணாவியார்’ என்கிறார்கள். கூத்துக் கொப்பியைக் கையில் வைத்திருக்கிற அண்ணாவியாருக்கும் எனக்கும் ஒற்றுமை கொஞ்சம்தான். அவருடைய கூத்தில் கோவலன் மதுரைக்குப் போகமாட்டேன் என்று சொல்ல முடியாது. என்னுடைய மேசையில் சொல்லலாம், சொல்லியும் இருக்கிறார்கள்.

கதையை நானே உண்டாக்கலாம். பகலில் உயர்தர வகுப்புக்குக் கணிதம் படிப்பிக்கிறவனுக்கு அதற்கு நேரம் இல்லை. அதனால் அச்சில் வந்த புத்தகத்தையே நடத்துகிறேன். ஸ்காபரோவிலிருந்து வந்த மச்சான் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்த ‘கோஸ்ட்ஸ் ஒஃப் சோல்ட்மார்ஷ்’தான் அது. விசார்ட்ஸ் ஒஃப் த கோஸ்ட் நிறுவனம் 2019இல் வெளியிட்ட 256 பக்கப் புத்தகம். உள்ளே ஏழு சாகசங்கள். அவற்றில் மூன்று டேவ் ஜே. பிரவுன், டொன் டேர்ன்புல் இருவரும் 1981 தொடக்கம் 1983 வரை இங்கிலாந்தில் எழுதியவை. மற்ற நான்கும் ‘டன்ஜன்’ என்ற சஞ்சிகையில் வெவ்வேறு காலங்களில் வந்தவை. சோல்ட்மார்ஷ் என்பது சதுப்போரத்தில் இருக்கிற ஒரு சின்ன மீன்பிடி ஊர். ஏழு கதைக்கும் அதுதான் நடுக்கம்பம்.

விளையாடுகிறவர்களில் ஒருவர் வெளியிணைப்பு எஞ்சின் திருத்துகிறவர், கள்ளப்பாடு ஊர்க்காரர். ஒருத்தி ஆஸ்பத்திரியில் தாதி. இரண்டு பேர் அறிவியல் நகரில் பொறியியல் படிக்கிற பெடியன்கள். பரந்தனில் பஸ் மாறி, ஏ-35 வீதியால் புதுக்குடியிருப்பைத் தாண்டி வந்து சேரவேண்டும். ஞாயிறு பின்னேரம், ரியூசன் கொட்டிலில் வாங்குகளை ஒதுக்கிப்போட்டு விளையாடுவோம்.

ஊரைவிட்டு முதன்முதல் கப்பல் எடுத்தபோது மெக்கானிக் அண்ணை கேட்டார்: “வாத்தியார், என்ன காத்து?”

புத்தகத்தில் காற்று இருக்கிறது. பாய்க்கப்பல் காற்றோடு போனால் வேகம் கூடும், எதிர்த்துப் போனால் குறையும் என்று எழுதியிருக்கிறார்கள். வடமேற்கிலிருந்து வீசுகிறது என்று நான் பகடை போட்டுச் சொன்னேன்.

“எந்த மாசம்?”

மாதம் புத்தகத்தில் இல்லை. எங்கள் கரையில் மாதம் தெரியாமல் ஒருவரும் வள்ளம் தள்ளமாட்டார்கள். வைகாசி முதல் புரட்டாதி வரை சோளகம். அது தரையிலிருந்து கடலுக்கு வீசுகிற காற்று. கரையோரம் அமைதியாகத்தான் இருக்கும். ஆனால் எஞ்சின் நின்றால் போட் கரைக்கு வராது, வங்காள விரிகுடாவுக்குள் போய்க்கொண்டிருக்கும். ஐப்பசி கழிந்தால் வாடை. அது கரையை நோக்கித் தள்ளும், அலை உடைத்துப் போடும், வள்ளம் இறக்கவே விடாது. இரண்டு காற்றிலும் ஆபத்து இருக்கிறது, ஒரே ஆபத்து அல்ல. சோளகத்தில் பயம் தொலைந்துபோவது. வாடையில் பயம் கரையில் மோதுவது. இதை அண்ணை சொல்லச் சொல்ல நான் கொப்பியில் எழுதினேன். அடுத்த கிழமையே சோல்ட்மார்ஷுக்குப் பஞ்சாங்கம் வந்துவிட்டது.

அதன்பிறகு பயணங்களை நடத்துகிற முறையே மாறியது. புறப்படுமுன் என்ன மாதம் என்று சொல்வேன். காற்றைப் பகடை தீர்மானிக்காது, மாதம் தீர்மானிக்கும். காற்று எவ்வளவு கடுமை என்பது மட்டும் பகடையின் வேலை. போகிற வழியில் ஒரு கேள்வியாவது அவர்கள் முன் வைப்பேன்: தண்ணீர் குறைகிறது, நேரே போகவா, கரையைப் பிடிக்கவா? மேற்கே கறுக்குது, பாயை இறக்கவா? கேள்வி இல்லாத பயணத்தை ஒரு வசனத்தில் தாண்டிவிடுவேன். கடற்பயணத்தை நடத்துவதில் நான் கண்ட ஒரே நுட்பம் இதுதான்: தூரத்தை விவரிக்காமல், முடிவெடுக்க வைப்பது. 2020 டிசம்பர் 2 இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் கரையைக் கடந்தபோது விழித்திருந்தவர்களுக்கு, புயல் எப்படிச் சத்தமிடும் என்று நான் வர்ணிப்பது வீண்வேலை. கயிற்றை இரண்டாகக் கட்டினீர்களா என்று கேட்டால் போதும்.

புத்தகம் கப்பலுக்குத் தலைவர், துணைத்தலைவர், வைத்தியர், சமையற்காரர் என்று பதவிகள் தருகிறது. கப்பலாட்களின் தரத்துக்குப் புள்ளியும் உண்டு. நல்ல ஏற்பாடு, கணக்கு வைக்கச் சுலபம். ஆனால் ஆட்களுக்குக் கூலி என்பது எங்கள் மேசையில் எடுபடவில்லை. “கூலிக்கு ஆர் கடலுக்குப் போறது? பங்கு பிரியுங்கோ” என்றார் அண்ணை. செலவு கழித்து, போட்டுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, மிச்சம் ஆட்களுக்கு என்று கணக்கு மாறியது. எங்கள் கப்பலில் வலை இல்லை. வலைப்பங்கு யாருக்கு என்று அன்றைக்கு மூண்ட வழக்கு, பின்னர் கதையில் வருகிற சுறாமனிதரோடு நடந்த சண்டையைவிட நீண்டது. தலைவர் பதவியை ஒருவரும் கேட்கவில்லை. கரைவலைக்கு மண்டாடி மாதிரி, தண்ணீரைப் பார்த்துச் சொல்ல ஒரு ஆள் இருந்தால் போதும் என்று முடிவு.

முதற் சாகசத்தின் இரண்டாம் பாதியில் ‘சீ கோஸ்ட்’ என்ற கடத்தல் கப்பல் வருகிறது. இரவில் அதில் ஏறிப் பிடிக்கவேண்டும். பெட்டி கட்டி அச்சடித்த வர்ணனை ஒன்றை வாசிக்கச் சொல்கிறது புத்தகம். நான் வாசிக்கவில்லை. இந்தக் கரைக்காரருக்கு வெறுங்கப்பல் தெரியும். 2006 டிசம்பரில், இந்தியாவிலிருந்து தென்னாபிரிக்காவுக்கு அரிசி ஏற்றிக்கொண்டு போன ‘ஃபாரா-3’ என்ற யோர்தான் கப்பல் முல்லைத்தீவுக் கரையோரம் தரைதட்டியது. அதிலிருந்த 25 மாலுமிகளும் இறங்கிப் போனார்கள், கப்பல் போகவில்லை. யுத்தம் முடிந்த பிறகும் முள்ளிவாய்க்கால் பக்கம் துருவேறி நின்றது. அதைப் பார்க்கவென்றே தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாகச் சனம் வந்து படம் பிடித்தது. பிறகு வெட்டி எடுத்துவிட்டார்கள்.

ஆகவே “கடலில் ஒரு கப்பல் நங்கூரம் போட்டு நிற்கிறது, வெளிச்சம் குறைவு” என்று மட்டும் சொன்னேன். அண்ணை கடுதாசியை இழுத்துக் கப்பலைக் கீறினார். எந்தப் பக்கம் நீர் இழுக்கிறது என்று கேட்டார். தெற்கே என்றேன். அப்படியென்றால் கப்பலின் அணியம் வடக்கைப் பார்த்து நிற்கும், காவல்காரன் நிலவு விழுகிற பக்கத்தைப் பார்ப்பான், நாங்கள் துடுப்பை எடுத்து வைத்துவிட்டு வடக்கிலிருந்து நீரோடு இறங்கி, நிழல் பக்கத்தால் நங்கூரக் கயிற்றைப் பிடிப்போம் என்றார். புத்தகம் அந்த இடத்தில் கேட்பது, சத்தமில்லாமல் அணுகினீர்களா என்று ஒரு பகடை. துடுப்பே போடாதவனிடம் என்ன சத்தத்துக்குப் பகடை கேட்பது? கேட்காமல் விட்டேன். தெரிந்த வேலையைத் தெரிந்தபடி செய்கிறவனைப் பகடையால் மடக்கக்கூடாது என்பது என் கட்சி. விதிப்புத்தகத்தை வரிக்குவரி பிடிக்கிறவர்கள் இதை ஒப்பமாட்டார்கள்.

கப்பலுக்குள் இருப்பதுதான் விஷயம். பட்டுத்துணி, சாராயம் இவற்றோடு, பெட்டி பெட்டியாக ஆயுதம். வாங்கப்போகிறவர்கள் சதுப்பில் வாழ்கிற பல்லிமனிதர். அவர்களில் மூன்று பேர் கப்பலிலேயே இருக்கிறார்கள். (“உடும்பா, கபறக்கொய்யாவா?” என்று பெடியன்கள் கேட்டதில் அன்று முதல் அவர்கள் உடும்பர்.) எழுதியவர்கள் எதிர்பார்ப்பது இது: விளையாடுகிறவர்கள் பதறி, உடும்பர் ஊரைத் தாக்க ஆயத்தமாகிறார்கள் என்று சபைக்குச் சொல்வார்கள், சபை அவர்களையே ஒற்றறிய அனுப்பும், இரண்டாம் சாகசமான ‘டேஞ்சர் அட் டன்வாட்டர்’இல் உடும்பர் குகைக்குள் போய், அவசரப்பட்டு வெட்டியும் விடுவார்கள், கடைசியில்தான் உண்மை தெரியும். உடும்பரைச் சொந்த இடத்திலிருந்து துரத்தியது சஹுவாகின் என்ற சுறாமனிதர். ஆயுதம் வாங்குவது சோல்ட்மார்ஷை அடிக்க அல்ல, தங்கள் இடத்தைத் திருப்பிப் பிடிக்க. 1981இல், மிருகத்தைக் கண்டால் வெட்டு என்று விளையாடிய காலத்தில், இப்படியொரு பொறி வைத்தது பெரிய காரியம். இந்தப் புத்தகத்தில் எனக்கு மரியாதை வந்த இடமும் அதுதான்.

வன்னியில் அந்தப் பொறி வேறு விதமாக வேலை செய்தது. பெட்டியைத் திறந்து உள்ளே என்ன என்று சொன்னதும் யாரும் பகடையைத் தொடவில்லை. தாதித் தங்கச்சிதான் முதலில் வாய் திறந்தாள்.

“அண்ணா, உவை எங்கையிருந்து எழும்பி வந்தவை?”

ஆயுதம் யாருக்கு எதிராக என்று அவள் கேட்கவில்லை. எங்கிருந்து இடம்பெயர்ந்தார்கள் என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு விடை இரண்டாம் சாகசத்தின் நடுவில்தான் வரவேண்டும். நான் பொய் சொல்லாமல் சமாளிக்க, பிடிபட்ட உடும்பருக்குப் பொதுமொழி சரியாக வராது என்றேன். அவள் விடவில்லை, கைச்சாடையில் கேட்கிறேன் என்றாள்.

குகைக்குப் போனபோது சண்டையே நடக்கவில்லை. வாசலில் ஆயுதத்தை வைத்துவிட்டு, கொண்டுபோன கருவாட்டை நீட்டினார்கள். உள்ளே போன தங்கச்சி அறைகளை எண்ணவில்லை. குடிதண்ணீர் எங்கே எடுக்கிறார்கள், முட்டைகள் எத்தனை, பராமரிக்கிறது யார், காயக்காரர் எங்கே கிடக்கிறார்கள் என்று வரிசையாகக் கேட்டாள். புத்தகத்தில் முட்டைகளுக்கு அறை இருக்கிறது, காயக்காரருக்கு இல்லை. அங்கேயே உண்டாக்கினேன். செட்டிகுளம் மெனிக் பாமில் தறப்பாளுக்குள் சின்ன வயதில் இருந்தவளுக்கு, கூட்டமாக ஒதுங்கியிருக்கிற சனத்திடம் முதலில் என்ன கேட்பது என்று அண்ணாவியார் சொல்லித்தரத் தேவையில்லை. உடும்பரின் அரசி ஒதோக்கெண்ட்டுக்காக நான் ஆயத்தம் செய்து வைத்திருந்த மிடுக்கான பேச்சு முழுவதும் வீணாய்ப்போனது. அரசி பதில் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அது நடந்து கொஞ்சக்காலத்தில், 2024 டிசம்பரில், வாடைக் காலத்தில், நூற்றுக்கு மேற்பட்ட ரோஹிங்கியா அகதிகளோடு ஒரு படகு முள்ளிவாய்க்கால் கரைக்கு வந்தது. முதலில் கண்டதும் சாப்பாடு தண்ணீர் கொடுத்ததும் எங்கள் ஊர்க் கடற்தொழிலாளர். அந்த ஞாயிறு விளையாட்டு நடக்கவில்லை. படகில் எத்தனை பிள்ளைகள் என்ற பேச்சிலேயே பின்னேரம் போனது.

நடத்தாமல் விட்டவற்றைப் பற்றியும் சொல்லவேண்டும். தொடங்குமுன் ஒரு பின்னேரம் முழுக்க, கதையில் எவை வரக்கூடாது என்று மட்டும் பேசினோம். உலகமெங்கும் இப்போது வழக்கம் அது. மேசை நடுவில் எக்ஸ் போட்ட அட்டை ஒன்று இருக்கும். தாங்காதவர் அதைத் தொட்டால், காரணம் கேட்காமல் காட்சியை மாற்றிவிடவேண்டும். ஜோன் ஸ்ரவ்ரோபூலஸ் என்பவர் ஏற்படுத்திய முறை. எங்களிடம் அட்டைக்குப் பதிலாகக் கரம் போர்ட்டின் சிவப்புக் காய். அன்றைய பேச்சில் பெரிய அலை வேண்டாம் என்று முதலில் வந்தது. 2004 டிசம்பர் 26 பற்றி இந்த ஊரில் விளக்கம் எதற்கு? அடுத்தது, ஆள் காணாமல் போவது. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் 2017 முதல் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வீதியோரத்தில் இருந்து போராடுகிற மாவட்டங்கள் இவை. மர்மம் வேண்டும் என்பதற்காக ஊரில் ஒரு பிள்ளையைக் காணவில்லை என்று கதை தொடங்குவது மற்ற நாடுகளில் சாதாரணம். இங்கே அது மர்மம் அல்ல.

அதனால் ஆறாவது சாகசமான ‘டாமரோட்ஸ் ஃபேட்’ போய்விட்டது. ஒரு தீவு மடத்தை, மூழ்கிச் செத்த மாலுமிகள் கடலிலிருந்து எழும்பி வந்து இரவில் முற்றுகையிடுவதுதான் கதை. நன்றாக எழுதியிருக்கிறார்கள். கதவுகளை அடைத்து, ஆள்வைத்து, விடியும்வரை பிடித்துநிற்கிற அமைப்பு எந்த மேசையிலும் எடுபடும். முல்லைத்தீவில் அதை நான் நடத்தமாட்டேன். கடலில் போனவர்களை அரக்கராக்கி வெட்டச் சொல்லி, இந்தக் கரையில் யாரைக் கேட்பது? காசு கொடுத்து வாங்கிய பக்கம் என்பதற்காக எல்லாப் பக்கத்தையும் நடத்தவேண்டும் என்று நினைக்கிறவர்கள் புத்தகத்துக்கு ஊழியம் செய்கிறார்கள், மேசைக்கு அல்ல.

ஒன்றை எடுத்தால் இடைவெளி விழும். ஏழு சாகசமும் வெவ்வேறு கையால் எழுதப்பட்டதால் புத்தகத்துக்கு முதுகெலும்பு மெல்லியது. தொடுப்புகளுக்கு யோசனை தந்திருக்கிறார்கள், ஒரே நூல் இல்லை. நூலைக் கொண்டுவந்தது அறிவியல் நகர்ப் பெடியன்களில் ஒருவன். அவனுடைய அப்பப்பா கோவலன் கூத்தில் ஆடினவர். கண்ணகியின் சிலம்புக்குப் பரலாக நாகமணி வேண்டும் என்று மீகாமனைக் கப்பலில் அனுப்ப, அவன் வெடியரசனோடு மோதுகிற கதை வன்னியிலும் கிழக்கிலும் கண்ணகி கோயில்களை ஒட்டி வழங்குகிறது. நெடுந்தீவில் வெடியரசன் கோட்டை என்று ஒரு இடிபாட்டையும் காட்டுவார்கள். “சேர், எங்களை அனுப்பிறது ஒரு செட்டி எண்டு வையுங்கோ. மணி எங்கை எண்டு ஒவ்வொரு இடத்திலையும் ஒரு துண்டு கிடைக்கட்டும்” என்றான். வைத்தேன். கடத்தல்காரரின் பெட்டிக்குள் ஒரு துண்டுச் செய்தி, உடும்பு அரசியிடம் ஒன்று, ஐந்தாம் சாகசத்தின் சுறாமனிதர் கோட்டைக்குள் ஒன்று. நான் வற்றாப்பளைப் பொங்கலுக்கு வருடாவருடம் போகிறவன். கடல்நீரில் விளக்கெரிகிற கண்ணகி கோயில். அங்கே கேட்ட கதை இப்படி உதவும் என்று அவன் சொல்லும்வரை எனக்கு ஓடவில்லை.

அந்தக் கதையோடு கூடவே வந்தது ‘இது யாருடைய கடல்’ என்ற வழக்கு. மீகாமனும் வெடியரசனும் அடிபட்டது அதற்குத்தான். சோல்ட்மார்ஷிலும் அதே வழக்கு உண்டு. பழைய மீன்பிடிக் குடும்பங்கள் ஒரு பக்கம், அரசனின் ஆட்களும் அவன் கொண்டுவந்த சுரங்கக்காரரும் இன்னொரு பக்கம், மறைந்திருந்து இரண்டையும் மூட்டிவிடுகிற கூட்டம் ஒன்று மூன்றாவது. சோளகம் தொடங்கத் தென்பகுதித் தொழிலாளர் வந்து வாடி அடிக்கிற நாயாறும் கொக்கிளாயும் தெரிந்தவர்களுக்கு இந்தச் சபைக் கூட்டங்களை விளக்கவேண்டியதில்லை. வழமையாக மேசைகளில் இவற்றை அரைமணித்தியாலத்தில் முடிப்பார்கள் என்று கேள்வி. எங்களிடம் ஒரு பின்னேரம் போதவில்லை. வந்தவனுக்கும் பாடு வேண்டும், இருக்கிறவனுக்கும் பாடு வேண்டும் என்று அண்ணை சபை உறுப்பினர் ஈடாவுக்கு வைத்த யோசனையை நான் எழுதிவைத்திருக்கிறேன். எந்தத் திணைக்களத்துக்கும் அனுப்பலாம்.

ஐந்தாம் சாகசமான ‘த ஃபைனல் எனிமி’ பெயருக்குத்தான் இறுதிப்போர். உண்மையில் வேவு வேலை. கோட்டைக்குள் போய் ஆட்பலத்தையும் அரணையும் எண்ணிக்கொண்டு, பிடிபடாமல் திரும்பவேண்டும். பாதிக் கோட்டை தண்ணீருக்குக் கீழே. எல்லாரையும் அடித்து முடிப்போம் என்று போகிறவர்கள் உயிரோடு வரமாட்டார்கள். எங்கள் ஆட்கள் எண்ணிக்கொண்டு வந்தார்கள். மணி கிடைக்கவில்லை. அது இன்னும் தெற்கே என்ற செய்தி மட்டும் கிடைத்தது.

இதை வாசித்துவிட்டுத் தொடங்க நினைக்கிறவர்களுக்கு: முழுப் புத்தகத்துக்கும் அவசரப்படவேண்டாம், பிரவுன், டேர்ன்புல் எழுதிய மூன்று சாகசங்களே ஒரு வருடத்துக்குக் காணும். அடிப்படை விதிகளை 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில் திறந்துவிட்டார்கள், காசில்லாமல் எடுக்கலாம். பகடை இல்லாவிட்டால் இருபது துண்டுக் கடுதாசியில் எண் எழுதிப் பேணிக்குள் போட்டுக் குலுக்குங்கள், நாங்களும் அப்படித்தான் தொடங்கினோம். விதிச்சுருக்கத்தைத் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன், கேட்டால் போட்டோப் பிரதி தருவேன். முல்லைத்தீவுப் பக்கம் இருப்பவர்கள் ஞாயிறு பின்னேரம் நேரே வரலாம். மேசையில் இரண்டு கதிரை காலி. தாளையடி, சுண்டிக்குளம் பக்கத்துக் கடல் தெரிந்த ஒருவர் வந்தால் நல்லது. மணியைத் தேடித் தெற்கே போவதா, வடக்கே திரும்புவதா என்று இன்னும் முடிவெடுக்கவில்லை.